ஒரேயொரு எண்ணுக்கு இன்னொரு 64 எம்பி

நவம்பர் 30 காலையில் போன் அடித்தால் குமரிக் கடற்கரையில் யாருக்கும் நெஞ்சு கொஞ்சம் பதறும். 2017-ல் ஒக்கி புயல் வந்த நாள் அது. சில வருடங்களுக்கு முன் அதே தேதியில், காலை ஒன்பது மணி வாக்கில், தேங்காய்ப்பட்டணம் பக்கம் மீன் குளிர் அறை நடத்தும் அண்ணன் ஒருவர் கூப்பிட்டார். நல்லவேளை, விஷயம் சின்னது.

"தம்பி, ரிப்போர்ட்டு வரல்ல. நீளமா ஒரு நம்பரு காட்டுகு. என்னவாக்கும்?"

"அத அப்படியே படிங்கண்ணே."

ஒவ்வொரு இலக்கமாகப் படித்தார். 134217728. "பொறவு இன்னொரு நம்பரும் உண்டு. அதுவும் இதுபோலத்தான். கடைசி ரெண்டு மட்டும் மூணு, ஆறுன்னு கிடக்கு."

நாகர்கோவிலில் உட்கார்ந்து பிஎச்பி என்ற நிரல்மொழியில் எழுதிப் பிழைக்கும் எவருக்கும் அந்த முதல் எண் சொந்தக்காரர் வீட்டு போன் நம்பர் மாதிரி மனப்பாடம். 128 எம்பியைப் பைட்டில் எழுதினால் 134217728. பிஎச்பி நிரல் ஒன்று பிடித்துக்கொள்ளலாம் என்று வழக்கமாக விட்டிருக்கும் மெமரி வரம்பு அதுதான். "அனுமதித்தது இவ்வளவு, அது தீர்ந்தது, நீ கேட்டது 134217736" என்பதுதான் திரையில் வந்திருந்த செய்தி. வரம்பைவிட சரியாக எட்டு பைட் கூட. இந்த எட்டு பைட் எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனதில் எனக்குக் கிடைத்தது, நிரல்மொழிகளின் ரன்டைம், அதாவது நிரலை ஓட வைக்கும் உள்பொறி, பல மதிப்புகளை வரிசையாக வைக்கும் அரேக்களை எப்படிப் பராமரிக்கிறது என்ற முழுக் கதை. பாடப்புத்தகத்தில் இதற்கு 'அணி' என்று பெயர். வேலை செய்யும் இடத்தில் நாங்கள் அரே என்றுதான் சொல்கிறோம், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

முதலில் நான் செய்த தப்பு. குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடைக்காலம். தடை முடிந்து ஆகஸ்ட் 1 அன்று அறையைத் திறக்கும்போதே வெப்பமானி ஒன்றை மாட்டி, ஐந்து நொடிக்கு ஒரு தடவை வெப்பநிலையை ஒரு ஃபைலில் எழுத வைத்தோம். ஒரு நாளைக்கு 17,280 ரீடிங். ரிப்போர்ட் நிரல் அந்த ஃபைலை முதல் வரியிலிருந்து படித்து, ஒவ்வொரு எண்ணையும் ஒரு அரேயின் வாலில் சேர்த்து, எல்லாம் சேர்ந்த பிறகு சராசரி, உச்சம், தாழ்வு என்று கணக்குப் போடும். ஆகஸ்டில் ஓடியது. செப்டம்பர், அக்டோபரிலும் ஓடியது. நவம்பர் 29 இரவுவரை ஒரு குறையும் இல்லை. 30-ஆம் தேதி காலை எட்டே முக்காலுக்குப் படுத்துவிட்டது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 121 நாள் முழுசாக, அதற்கு மேல் எட்டே முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக: ரீடிங்குகள் 2,097,152. இது 2-ஐ 21 தடவை பெருக்கினால் வரும் எண். அதற்கு அடுத்த ஒரேயொரு ரீடிங்கைச் சேர்க்கப் போனபோதுதான் நிரல் விழுந்தது. அந்த நொடிவரை அரே பிடித்திருந்தது 64 எம்பி. இன்னும் ஒரு எண்ணுக்கு இடம் வேண்டும் என்றதும் ரன்டைம் போய் 128 எம்பி கேட்டது.

ஒரு எண்ணுக்கு ஏன் இவ்வளவு பேராசை?

அரேயின் அடிப்படை ஒப்பந்தம், உறுப்புகள் எல்லாம் மெமரியில் அடுத்தடுத்து இருக்க வேண்டும் என்பது. ஐந்தாவது உறுப்பு வேண்டுமென்றால், தொடங்கும் முகவரியோடு நான்கு உறுப்பின் அகலத்தைக் கூட்டினால் போதும், தேடவே வேண்டாம். அரே வேகமாக இருப்பதற்கும், வளர்க்கும்போது தொல்லை கொடுப்பதற்கும் இந்த ஒட்டி உட்காரும் குணம்தான் காரணம்.

நம்மூர் கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். மாப்பிள்ளை வீட்டார் எட்டுப் பேர் வருவதாகச் சொல்லி எட்டு இலை போட்டாயிற்று. பருப்பு, பப்படம், அவியல், எரிசேரி எல்லாம் விளம்பியாகிவிட்டது. அப்போது பார்த்து ஒன்பதாவதாக ஒரு மாமா வருகிறார். "நாங்க எல்லாரும் சேர்ந்துதான் இருப்போம்" என்று பிடிவாதம். பக்கத்து இலையில் பெண் வீட்டார் உட்கார்ந்து பாதி சோறு தின்றாயிற்று. வேறு வழியில்லை, காலியாகக் கிடக்கும் வேறு வரிசைக்கு எட்டுப் பேரும் இலையோடு எழுந்து போக வேண்டும். இப்போது அங்கே எத்தனை இலை போடுவது? ஒன்பது மட்டும் போட்டால் அடுத்த சித்தப்பா வந்ததும் மறுபடி எழ வேண்டும். அனுபவமுள்ள விளம்பல்காரர் பேசாமல் பதினாறு போட்டுவிடுவார். ஏழு இலை காலியாகக் கிடந்தாலும் பரவாயில்லை.

ரன்டைம் செய்வதும் இதேதான். என் நிரலில் அரே எட்டு இடத்தோடு தொடங்கி, நிரம்பும்போதெல்லாம் இரட்டித்தது: 8, 16, 32 என்று போய் 1,048,576, பிறகு 2,097,152. மொத்த இடமாற்றத்தைக் கூட்டினால் வருவது 2,097,144 நகல். அதாவது தலைக்கு ஒரு நகல்கூட முழுசாக இல்லை. ஒவ்வொரு ரீடிங்குக்கும் ஒரு இடம் மட்டும் கூட்டிக்கொண்டு போயிருந்தால், எல்லாரையும் ஒவ்வொரு தடவையும் எழுப்பி உட்கார வைத்த கணக்கில், நகல் எண்ணிக்கை 2 லட்சம் கோடியைத் தாண்டும். சரி, ஆயிரம் ஆயிரமாகக் கூட்டலாமே என்றால் அதுவும் 220 கோடி. விகிதத்தில் வளர்ந்தால் மட்டும்தான் சராசரிச் செலவு கட்டுக்குள் நிற்கும். இந்த மாதிரிக் கணக்கைக் கணினி அறிஞர் ராபர்ட் டார்ஜன் 1985-ல் ஒழுங்காக எழுதிவைத்தார். எப்போதாவது வரும் பெரிய செலவைத் தினசரிச் செலவுகளின் மேல் பரப்பிப் பார்ப்பது, சீட்டுப் பிடிப்பவர்களுக்குப் புதிதில்லை.

இடமாற்றத்தின்போது இன்னொரு சங்கடம் உண்டு. ஆட்கள் புது வரிசைக்குப் போய்ச் சேரும்வரை பழைய வரிசையும் அவர்கள் பெயரில்தான் இருக்கும். 64 எம்பி அரே 128 ஆக வளரும்போது, இடம் அப்படியே நீள வழியில்லாவிட்டால், அந்தக் கொஞ்ச நேரத்துக்குத் தேவை 192. மெமரி தீர்ந்துபோகும் கோளாறுகள் பெரும்பாலும் இந்த இடமாற்ற நேரத்தில்தான் வருகின்றன. சர்வரின் சராசரி உபயோகத்தைக் காட்டும் படத்தில் ஒன்றும் தெரியாது. ஒரு நொடி மேலே போய் இறங்கும் முள்ளில்தான் எல்லாம் இருக்கும்.

இரட்டிக்க வேண்டுமா, ஒன்றரை மடங்கு போதுமா என்பது மொழி எழுதுபவர்களுக்குள் ஓயாத வாக்குவாதம். இரண்டு மடங்கின் எதிரிகள் சொல்வது நியாயமானது: 8, 16, 32 இடங்களை விட்டுவிட்டு வந்தாலும் அவை சேர்ந்து 56தான், அடுத்துத் தேவைப்படும் 64-க்குப் போதாது. எவ்வளவு காலம் ஆனாலும் விட்டுவந்த இடமெல்லாம் சேர்ந்து புதுத் தேவைக்கு எட்டவே எட்டாது. ஐந்து சென்ட் மனையில் வீடு கட்டியவர், பக்கத்து மதிலைத் தாண்ட முடியாமல் விற்றுவிட்டுப் பத்து சென்டுக்குப் போய், பிறகு இருபதுக்குப் போய், கடைசிவரை தன் பழைய மனைகள் ஒன்றும் உதவாமல் ஊர் ஓரத்துக்கே நகர்ந்துகொண்டிருப்பது மாதிரி. ஒன்றரை மடங்கில் வளர்ந்தால் நாலைந்து தடவைக்குப் பிறகு, விட்டுவந்த இடங்கள் ஒட்டி இருக்கும் பட்சத்தில், திரும்ப அங்கேயே குடியேறலாம். ஜாவாவின் அரேலிஸ்ட் ஒன்றரை மடங்கு. சி பிளஸ்பிளஸில் மைக்ரோசாஃப்ட் கம்பைலர் ஒன்றரை, ஜிசிசி கம்பைலர் இரண்டு. பைத்தான் ரொம்பச் சிக்கனம், எட்டில் ஒரு பங்குதான் உபரியாகப் போடும். கோ மொழி 1.18 பதிப்பிலிருந்து 256 இடம்வரை இரட்டித்து, அதன் பிறகு மெல்ல மெல்ல ஒன்றேகால் பக்கம் இறங்குகிறது. சின்னப் பிள்ளைக்குச் சட்டை தைக்கும்போது தாராளமாகப் பிடித்துத் தைப்பதும், வளர்ந்தவனுக்கு அளவாகத் தைப்பதும்போல. என் ஓட்டு கோவுக்கு.

பிஎச்பி இரண்டு மடங்கைவிட்டு நகராததற்குத் தனிக் காரணம் இருக்கிறது. அதன் அரே வெறும் அரே இல்லை. பெயரை வைத்தும் தேடலாம், எண்ணை வைத்தும் தேடலாம், போட்ட வரிசையும் கலையாது. உள்ளே இருப்பது ஹாஷ் டேபிள். கொடுத்த பெயரையோ எண்ணையோ (இதைச் சாவி என்பார்கள்) அரைத்து ஒரு எண்ணாக்கி, அந்த எண்ணை அட்டவணையின் அளவுக்குள் மடக்கி, எந்தப் பெட்டி என்று கண்டுபிடிக்க வேண்டும். அளவு இரண்டின் அடுக்காக இருந்தால், வகுத்து மீதி பார்க்காமல் நாலு பிட்டை மறைத்தாலே வேலை முடிந்தது.

இப்போது அந்த 64 எம்பிக்கு வருவோம். 2,097,152 எண்களுக்கு 64 எம்பி என்றால் ஒரு எண்ணுக்கு 32 பைட். ஒரு வெப்பநிலையைத் தசமத்தோடு எழுதிவைக்க எட்டு பைட் போதும். மீதி 24 பைட் யாருக்கு?

பிஎச்பி 5 காலத்தில் கதை இதைவிட மோசம். 64 பிட் கணினியில் ஒவ்வொரு உறுப்புக்கும் 72 பைட்டில் ஒரு பக்கெட் (சாவி முதலிய விவரங்கள் இருக்கும் பெட்டி), அது தனியாக மெமரி கேட்டு வாங்கப்பட்டது. மதிப்பு இருக்கும் பெட்டி வேறொரு இடத்தில், அதுவும் தனியாக வாங்கப்பட்டது. தனியாக வாங்கும் ஒவ்வொன்றுக்கும் மேல்செலவு 16 பைட். போதாததற்கு, பக்கெட்டை முன்னும் பின்னும் கோத்துவைக்கும் பாயின்டர்கள், அதாவது இன்னொன்று இருக்கும் முகவரியைச் சொல்பவை. எல்லாம் கூட்டினால் ஒரு சாதாரண எண்ணுக்கு 144 பைட். ஒரு லட்சம் எண் கொண்ட அரே கிட்டத்தட்ட 14 எம்பி பிடித்தது. ஒரு மட்டிப்பழத்தைப் பெட்டிக்குள் பெட்டியாக வைத்துக் கொரியரில் அனுப்பியது மாதிரி.

2015 டிசம்பரில் வந்த பிஎச்பி 7 இந்த இடத்தில்தான் கை வைத்தது. டிமிட்ரி ஸ்டோகோவ், ஷின்சென் ஹுய், நிகிதா போபோவ் மூவரும் முன்னின்று செய்த மாற்றம். அவர்கள் முதலில் செய்தது, மதிப்பைத் தனியாக வாங்குவதை நிறுத்தி பக்கெட்டுக்குள்ளேயே வைத்தது. பக்கெட்டுகளையும் சிதறவிடாமல் ஒரே துண்டாக, போட்ட வரிசையிலேயே அடுக்கினார்கள். அப்படி அடுக்கிய பிறகு முன்னும் பின்னும் கோக்கும் பாயின்டர்களுக்கு வேலையே இல்லை, அடுத்த உறுப்பு அடுத்த இடத்தில்தானே இருக்கிறது. பக்கெட் 72-லிருந்து 32 பைட்டானது: மதிப்புக்கு 16, அரைத்த எண்ணுக்கு 8, சாவி இருக்கும் இடத்தைச் சொல்லும் பாயின்டருக்கு 8.

அந்த 16 பைட்டைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம், எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. மதிப்புக்கு எட்டு பைட். அது என்ன வகை, முழு எண்ணா, தசமமா, எழுத்தா என்று சொல்ல நான்கு பைட். இவை 12. ஆனால் கணினி எட்டின் மடங்கில்தான் இடம் ஒதுக்கும், ஆகவே 16. நான்கு பைட் சும்மா கிடக்கிறது. இரண்டு சாவிகள் அரைத்த பிறகு ஒரே பெட்டிக்கு வந்துவிட்டால், 'என்னிடம் இல்லை, அடுத்த இன்னாரிடம் கேள்' என்று எழுதிவைக்க ஓர் இடம் வேண்டுமே? அந்தச் சும்மா கிடந்த நான்கு பைட்டில் எழுதிவிட்டார்கள். வீட்டில் மாடிப்படிக்கு அடியில் இருக்கும் இடத்தில் அலமாரி அடித்துக்கொள்கிற புத்தி.

சாவி தேடும் அட்டவணையும் தனித் துண்டாக இல்லாமல், அதே மெமரித் துண்டின் தலைப்பக்கத்தில் ஒரு உறுப்புக்கு நான்கு பைட் வீதம் உட்கார்ந்தது. ஆக, பெயர் வைத்த உறுப்புக்கு மொத்தம் 36 பைட். 144 எங்கே, 36 எங்கே!

அடுத்ததாக அவர்கள் கவனித்தது, மொழியைவிட அதை எழுதும் மனிதர்களை. பிஎச்பி அரேயில் எந்தச் சாவியும் போடலாம் என்றாலும், நடைமுறையில் பெரும்பாலானவர்கள் 0, 1, 2, 3 என்று வரிசையாகத்தான் அடுக்குகிறார்கள். வரிசை எண்ணே இருக்கும் இடத்தைச் சொல்லும்போது தேடல் அட்டவணை எதற்கு? அப்படிப்பட்ட அரேக்களுக்கு அட்டவணையே இல்லாத ஒரு வடிவம் கொடுத்தார்கள். நிரலாளருக்குத் தெரியாமலே ரன்டைம் உள்ளுக்குள் தேர்ந்துகொள்ளும். ஆங்கிலத்தில் இதைப் பேக்டு அரே என்பார்கள், நெருக்கி அடுக்கிய அரே.

அட்டவணை 'இல்லாத' என்றேன், முழு உண்மையில்லை. பெயர் வைத்துத் தேடும் பழைய நிரல்துண்டு இந்த அரேமேலும் வந்து விழலாம். வந்தால் 'அப்படி யாரும் இங்கே இல்லை' என்று பதில் கிடைக்க வேண்டும். அதற்காகவே, எப்போதும் காலி என்று சொல்லும் இரண்டு பெட்டிகளை மட்டும் தலைப்பக்கத்தில் விட்டுவைத்தார்கள். ஒவ்வொன்றும் நான்கு பைட்.

அண்ணன் படித்த எண்ணில் கூடுதலாக இருந்த எட்டு பைட் இதுதான். 4,194,304 இடம், தலைக்கு 32 பைட், சரியாக 134217728. அதோடு இந்த இரண்டு காலிப் பெட்டி. 134217736.

இதே வடிவத்தில் இன்னும் இடம் மிச்சம் பிடிக்கலாம் என்பது பிறகு வந்தது. நெருக்கி அடுக்கிய அரேயில் சாவிக்கான 8 பைட்டும், அரைத்த எண்ணுக்கான 8 பைட்டும் எதற்கென்று தெரியாமல் கூடவே வந்துகொண்டிருந்தன. இருக்கும் இடமே எண்ணாகும்போது அதை எழுதிவைப்பது வீண். 2022 டிசம்பரில் வெளியான பிஎச்பி 8.2-ல் அவற்றைக் கழற்றிவிட்டு, மதிப்பின் 16 பைட்டை மட்டும் வைத்தார்கள். ஒரு லட்சம் எண் கொண்ட அதே அரே, பதிப்பு 5-ல் சுமார் 14 எம்பி, 7-ல் 4 எம்பி, 8.2-ல் 2 எம்பி. நிரலில் ஒரு வரியும் மாறவில்லை.

இடம் குறைவது மெமரிக்கு மட்டும் லாபம் என்று நினைக்க வேண்டாம். பிராசசர் மெமரியிலிருந்து ஒவ்வொரு பைட்டாக எடுப்பதில்லை, வழக்கமாக 64 பைட் துண்டாகத்தான் அள்ளும். 32 பைட் பக்கெட் என்றால் ஒரு அள்ளலுக்கு இரண்டு உறுப்பு. 16 என்றால் நான்கு. பதிப்பு 5-ல் ஒவ்வொரு உறுப்புக்கும் பாயின்டர் பிடித்து வேறு வேறு மூலைக்கு ஓட வேண்டியிருந்தது. தோவாளைச் சந்தையில் ஒரே கடையில் பிச்சி, அரளி, சம்பங்கி எல்லாம் வாங்குவதற்கும், ஒவ்வொரு பூவுக்கும் ஒவ்வொரு தோட்டத்துக்கு நடந்து போவதற்கும் உள்ள வித்தியாசம்.

ஆனால் ரன்டைம் செய்வது ஊகம். நாம் நடந்துகொள்ளும் விதத்தைப் பார்த்து ஊகிக்கிறது, நாம் மாறினால் அதுவும் மாற வேண்டும். புது அரேயில் முதல் உறுப்பையே 1001-ஆம் எண்ணில் வைத்தால், எட்டு இடத்துக்குள் அடங்காத எண் என்று பார்த்து நேரே ஹாஷ் வடிவத்துக்குப் போய்விடும். பில் நம்பரைச் சாவியாக வைக்கும் பழக்கம் நம்மிடம் நிறைய உண்டு, அதில் இந்தச் சலுகை கிடைக்காது. நடுவில் ஒரு எண்ணைத் தாவினால்? தாவிய எண் இப்போதைய அளவின் இரண்டு மடங்குக்குள் இருக்கிறதா, இருக்கும் இடத்தில் பாதிக்கு மேல் நிரம்பியிருக்கிறதா என்று பார்க்கும். இரண்டும் ஆம் என்றால் நெருக்கி அடுக்கிய வடிவத்திலேயே வளரும், இல்லையென்றால் ஹாஷ். 2003-ல் வந்த லூவா மொழியின் 5.0 பதிப்பிலும் இதற்கு உறவுக்கார விதி ஒன்று இருக்கிறது: பாதிக்கு மேல் நிரம்பியிருக்கும்படியான மிகப் பெரிய அளவுவரை அரே, அதற்கு வெளியே உள்ளது ஹாஷ். பந்தியில் பாதி இலைக்கு மேல் ஆள் இருந்தால்தான் அந்த வரிசையை வைத்திருப்பது லாபம் என்ற கணக்கு இரண்டு பேருக்கும் ஒன்றுபோலத் தோன்றியிருக்கிறது.

நீக்குவதில் எல்லாரும் ஏமாறும் ஒரு விஷயம் உண்டு. பிஎச்பியில் ஒரு உறுப்பை அன்செட் என்ற கட்டளையால் நீக்கினால் அந்த இடம் காலியாகாது. 'இங்கே ஆள் இல்லை' என்று குறி மட்டும் போடப்படும். சாப்பிட்டு எழுந்தவர் இலையை மடித்து வைத்துவிட்டுப் போன மாதிரி. இலை அங்கேயே கிடக்கும். ஹாஷ் வடிவ அரே நிரம்பி, அடுத்தவருக்கு இடம் தேடும்போதுதான் ரன்டைம் மடித்த இலைகளை எண்ணிப் பார்க்கும். இருக்கும் ஆட்களில் 32-ல் ஒரு பங்குக்கு மேல் மடித்த இலை இருந்தால், எல்லாரையும் நெருக்கி உட்கார வைத்து வாலில் இடம் எடுத்துக்கொள்ளும். அதற்குக் குறைவு என்றால் நெருக்குகிற வேலைக்கு வரும் லாபம் போதாது, இரட்டித்துவிடும். நெருக்கி அடுக்கிய அரேயில் இந்த வழியும் கிடையாது, அங்கே எண்தானே இடம். ஒருவரை நகர்த்தினால் அவர் எண்ணே மாறிவிடும்.

ஆக, பத்து லட்சம் உறுப்பைப் போட்டுவிட்டு ஒன்றொன்றாக எல்லாவற்றையும் நீக்கினாலும் அரே பிடித்த இடம் அப்படியேதான் இருக்கும். ஜாவாவின் அரேலிஸ்டும் தானாகச் சுருங்காது. பைத்தான் லிஸ்ட் சுருங்கும், உறுப்புகள் பிடித்த இடத்தில் பாதிக்குக் கீழே போனால். சுருங்குவது நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் வளரும் எல்லையும் சுருங்கும் எல்லையும் ஒட்டி இருந்தால், ஒன்று போட்டு ஒன்று எடுக்கும் நிரல் ஒவ்வொரு தடவையும் மொத்தக் கூட்டத்தையும் எழுப்பி உட்கார வைக்கும். ஆகவே இடைவெளி வேண்டும். பைத்தான் வைத்திருக்கும் பாதிக் கணக்குக்கு அதுதான் பொருள்.

இன்னொரு சிக்கனம் எல்லாருக்கும் தெரிந்தது, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு அரேயை இன்னொரு பெயருக்குக் கொடுத்தாலோ ஃபங்ஷனுக்கு அனுப்பினாலோ பிஎச்பி நகல் எடுக்காது. எத்தனை பேர் வைத்திருக்கிறார்கள் என்ற எண்ணிக்கையை ஒன்று கூட்டிவிட்டுச் சும்மா இருக்கும். யாராவது அதில் எழுதப் போனால்தான், அதுவும் எண்ணிக்கை ஒன்றுக்கு மேல் இருந்தால்தான், நகல். ஸ்விஃப்ட் மொழியின் அரேயும் இப்படித்தான். பங்காளிகள் ஒரே பத்திரத்தை வைத்துக்கொண்டு காலம் தள்ளுவதுபோல, ஒருவர் திருத்தம் கேட்கும்வரை நகல் தேவையில்லை.

ஆனால் பகிர்ந்து வைப்பதில் ஒரு வில்லங்கம். கோ மொழியில் பெரிய அரேயிலிருந்து பத்து உறுப்பை மட்டும் ஸ்லைஸாக வெட்டி வைத்துக்கொண்டால், அந்தப் பத்துக்காக முழு அரேயும் மெமரியில் கிடக்கும். ஜாவாவில் எழுத்துச் சரங்களை இப்படித்தான் முன்பு பகிர்ந்தார்கள். பெரிய ஃபைலிலிருந்து வெட்டிய ஒரு சொல்லுக்காக முழு ஃபைலும் மெமரியை விட்டுப் போகாமல் பலரைப் படுத்தியது. ஜாவா 7-ன் ஆறாவது அப்டேட்டில் அதைக் கைவிட்டு, வெட்டினால் நகல் என்று ஆக்கினார்கள். மெமரி மிச்சம் என்று ஆரம்பித்த ஏற்பாட்டை மெமரிக்காகவே எடுத்தார்கள்.

சரி, குளிர் அறைக்கு வருவோம். அண்ணனுடைய சர்வரில் இருந்தது பதிப்பு 7.4. அன்று 8.2 இருந்து அதற்கு மாற்றியிருந்தால்? தலைக்கு 16 பைட், 64 எம்பியில் 4,194,304 ரீடிங் அடங்கும். 242 நாளும் முக்கால் நாளுக்குக் கொஞ்சம் குறைவும். லீப் வருடம் இல்லையென்றால் மார்ச் 31 மாலைவரை ஓடியிருக்கும். அன்றைக்கும் அண்ணன் போனில் படித்திருக்கப்போவது அதே 134217736தான், எண்கூட மாறியிருக்காது. ரன்டைம் எழுதியவர்கள் ஏழு வருடம் உழைத்துச் சேர்த்த இடத்தை நான் நாலு மாதத்தில் தின்று தீர்த்திருப்பேன்.

வரம்பை 256 எம்பியாக உயர்த்துவதுதான் கைக்குக் கிட்டிய வைத்தியம். செய்தேன், மறைக்கவில்லை. அண்ணனுக்கு அன்று மதியத்துக்குள் ரிப்போர்ட் வேண்டியிருந்தது, மீன் எடுக்க வந்த லாரிக்காரர் வெப்பநிலைத் தாளைக் கேட்டுக்கொண்டு நின்றார். ராத்திரிதான் உட்கார்ந்து ஒழுங்காக மாற்றினேன்.

சராசரிக்கு எல்லா எண்ணும் கையில் இருக்க வேண்டியதில்லை. கூட்டுத்தொகையும் எண்ணிக்கையும் போதும். படம் வரைய மணிக்கு ஒரு உச்சம், ஒரு தாழ்வு போதும். ஃபைலை ஒவ்வொரு வரியாகப் படித்து, அந்த மணி நேரத்துக் கணக்கில் சேர்த்துவிட்டு வரியை விட்டுவிடுவது. பிஎச்பி 5.5 முதல் ஜெனரேட்டர் என்று ஒன்று இருக்கிறது, அரே மாதிரி சுற்றிவரலாம், ஆனால் ஒரு நேரத்தில் ஒரு உறுப்புதான் மெமரியில் இருக்கும். அதைத்தான் வைத்தேன்.

முதலில் ஒரு மணி நேரத்துக்கு ஒரு குட்டி அரே, அதற்குள் உச்சம், தாழ்வு, கூட்டு என்று எழுதினேன். பிறகு நிறுத்தினேன். பதிப்பு 7-ல் மூன்றே எண் வைத்தாலும் ஒரு குட்டி அரேக்குத் தலைப்புக்கு 56 பைட், எட்டு இடம் கொண்ட துண்டுக்கு 320 பைட், ஆக 376. நான்கு மாதத்துக்கு இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம் மணி நேரம். அதற்குப் பதில் உச்சத்துக்கு ஒரு நீள அரே, தாழ்வுக்கு ஒன்று, கூட்டுக்கு ஒன்று என்று மூன்றே அரேயாக வைத்தால், ஒன்று 4,096 இடமாக வளர்ந்தாலும் 128 கேபிதான். மூன்றும் 0, 1, 2 என்று வரிசையாகப் போவதால் நெருக்கி அடுக்கிய வடிவம் தானாகவே கிடைத்தது.

ஓட்டிப் பார்த்தேன். உச்சபட்சமாகப் பிடித்த மெமரி எவ்வளவு என்று கேட்டால் பிஎச்பி சொல்லும். அது ஆபரேட்டிங் சிஸ்டத்திடமிருந்து மெமரியை 2 எம்பித் துண்டாகத்தான் வாங்கும், முதல் துண்டே போதுமானதாக இருந்திருக்கிறது. திரையில் வந்த எண்ணைப் பார்த்துவிட்டு, விடிந்ததும் முதல் வேலையாக அண்ணனுக்குப் போன் போட்டேன். நாலு மாதமும் சேர்ந்து காலையில் நிரலைப் படுக்க வைத்த ரீடிங்குகளின் எண்ணிக்கை எதுவோ, அதே எண். இந்தத் தடவை பைட்டில்: 2097152.

"அப்போ சரியாயிட்டா?" என்றார்.

"ஆயிட்டுண்ணே."

"பொறவு எதுக்குல சிரிக்க?"